அடக்கி வைத்த வருடங்கள்

எனக்கு என்ன வருத்தம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆரம்பத்தில் "கிட்னியில கல்லு" என்று மட்டும் சொல்லி வந்தேன். கல் என்று சொல்ல யாருக்கும் வெட்கமில்லை. ஊர்த் தண்ணீரைக் குறை சொல்லலாம், பரம்பரையைக் குறை சொல்லலாம். கேட்டவர்களும் தங்களுக்குத் தெரிந்த ஒரு வைத்தியத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கல்லுக்குப் பின்னால் இருந்த கதையை நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஏழு மாதமாகிறது. உடம்பு தேறிவிட்டது என்கிறார்கள். களைப்பு மட்டும் முழுதாகப் போகவில்லை. ஒரு மாடி ஏறினால் உட்கார இடம் தேடுகிறேன். இதை எழுதுவதற்குக்கூட நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆகின. ஆனால் என்னைப் போல விடியுமுன் பஸ் ஏறி இருட்டிய பிறகு வீடு திரும்புகிற பெண்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் செல்வராணி. தெல்தோட்டையில் இருக்கிறோம். என் கணவர் கணேசன் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவர். நான் கண்டியில் ஒரு சேலைக் கடையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். ஒரே மகள் தர்ஷினி, கண்டியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். காலை ஐந்தரை மணி பஸ்ஸில் நானும் அவளும் சேர்ந்து புறப்படுவோம். பள்ளிக்கூடம் விட்டு டியூஷன் முடிந்ததும் அவள் கடைக்கு வந்து மூலையில் இருந்து வீட்டுப்பாடம் செய்வாள். ஆறு மணிக்குக் கடையிலிருந்து இறங்கி, குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து வீட்டுக்கு வர ஏழரை, எட்டு ஆகிவிடும்.

இந்தப் பதினான்கு மணித்தியாலத்தில் நான் தண்ணீர் குடிப்பதில்லை.

சொன்னால் நம்பமாட்டார்கள். உண்மை அதுதான். காலையில் தேநீர் குடித்தால் பஸ்ஸில் கலஹாவைத் தாண்டுமுன்னே அடிவயிறு முட்டும். அதனால் தேநீர் இல்லை. கடையில் ஒரு கக்கூஸ் உண்டு. மேல் மாடியில், முதலாளியின் அறைக்குப் பின்னால். சாவி அவருடைய மேசை லாச்சியில் இருக்கும். அவர் கெட்ட மனிதர் அல்ல, கேட்டால் கொடுப்பார். ஆனால் கேட்கவேண்டும். கணக்குப்பிள்ளையும் வந்துபோகிற ஏஜென்டுகளும் இருக்கிற அறைக்குள் போய், "ஐயா, சாவி" என்று நிற்க வேண்டும். எல்லோருக்கும் எதற்கென்று தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு தடவை கேட்டேன். இரண்டாம் தடவை ஏஜென்ட் ஒருவர் சிரித்தார். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கடையில் வேலை செய்த மற்ற ஐந்து பெண்களும் அப்படித்தான். நாங்கள் இதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதும் இல்லை. மத்தியானச் சோற்றோடு இரண்டு மிடறு. அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் எரிச்சல் வந்தது. சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன், போய்விட்டது. பிறகு மறுபடி வந்தது. இரண்டு வருடத்தில் ஐந்தாறு முறை வந்திருக்கும். ஒவ்வொரு முறையும் பாமசியில் ஏதாவது குளிசை வாங்கி இரண்டு நாள் விழுங்கி நிறுத்தினேன். கணவரிடம் சொல்லவில்லை. அந்த இடத்து வருத்தத்தை எப்படிச் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. என் அம்மாவும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

வருத்தம் முற்றிய கிழமை கடையில் தள்ளுபடி விற்பனை நடந்தது. இடது பக்கம், விலாவுக்குக் கீழே, முதுகுப்புறமாக ஒரு வலி. சேலைக் கட்டுகளைத் தூக்கியதால் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. பல் அடித்துக்கொள்கிற நடுக்கம். ஒரு மணி நேரம் நடுங்கும், பிறகு வியர்த்து ஓயும், பிறகு மறுபடி நடுங்கும். நான் காய்ச்சல் குளிசை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஐந்தாம் நாள் மத்தியானம் ஒரு கல்யாண வீட்டுக்காரருக்குக் கூறைச்சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது சேலையின் நிறம் மங்கிக்கொண்டே போனது. மங்குகிறதே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. விழுந்தது ஞாபகம் இல்லை.

முதலாளியே தன் வாகனத்தில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். என் கணவர் தொழிற்சாலை உடுப்போடு வந்து சேர்ந்தபோது என்னுடைய இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. இரண்டு கையிலும் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது, இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அதை எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னார். அந்த மூன்று மாதமும் நான் தூங்கும்போது என் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். வார்ட்டில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர் இருந்தார், வயது முப்பதுக்குள்தான் இருக்கும். எனக்கு விளங்கும்படி சொன்னவர் அவர்தான். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப் பைக்கு ஒரு மெல்லிய குழாய் இறங்குகிறது. என் இடது பக்கக் குழாயில் ஒரு கல் இறங்கி அடைத்துவிட்டது. அடைப்புக்குப் பின்னால் தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகிச் சீழாகிவிட்டது. மருந்து எவ்வளவு ஏற்றினாலும் சீழ் வெளியே வராமல் காய்ச்சல் இறங்காது. அதனால் கீழிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு, கல்லுக்குப் பக்கத்தால் வழி எடுத்துக் கொடுப்பார்கள். கல்லை இப்போது தொடமாட்டார்கள். கிருமி முழுதாக அடங்கி ஆறு கிழமை போன பிறகுதான் உடைப்பார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தினை தரம் ஒண்டுக்குப் போறனீங்கள்?" என்று கேட்டார்.

"காலையில ஒருக்கா. ராத்திரி வீட்டுக்குப் போயி ஒருக்கா."

"இடையில?"

"இல்லைங்க டொக்டர்."

"எவ்வளவு காலமா இப்பிடி?"

"கடையில சேந்ததுல இருந்து."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ரீச்சர்மார் வருகினம், கார்மென்ட் பிள்ளையள் வருகினம்," என்றார். "எல்லாரும் இதைத்தான் சொல்லுகினம்." அவர் குரலிலும் ஒரு களைப்பு இருந்தது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் தடித்துவிடும், அதில் உப்புகள் படிந்து கல் வளரும், நெடுநேரம் அடக்கினால் உள்ளே வந்த கிருமி வெளியேற வழியில்லாமல் அங்கேயே குடியிருக்கும் என்று விளக்கினார். பதினொரு வருடம் நான் பொறுமை என்று நினைத்துச் செய்த காரியம் இதுதான்.

குழாய் வைத்த அடுத்த நாள் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. இரண்டு நாளுக்கு ஒருமுறை இரத்தம் எடுத்தார்கள். கிரியேட்டினின் என்று ஒன்றைப் பார்ப்பார்கள். சிறுநீரகம் வெளியே தள்ளவேண்டிய கழிவு இரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதற்கான கணக்கு அது. குறைந்தால் நல்லது. எனக்கு முதலில் ஏறியது. ஒரு சிறுநீரகம் போய்விடுமோ என்று டொக்டர்மார் சிங்களத்தில் தங்களுக்குள் பேசியதை நான் கேட்டேன். அவர்களுக்கு எனக்குச் சிங்களம் விளங்கும் என்று தெரியாது போல. நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். பயத்தைவிட அசதிதான் கூடுதலாக இருந்தது. போனால் போகட்டும், கொஞ்சம் தூங்கினால் போதும் என்றிருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

கிருமி வளர்ப்புப் பரிசோதனை என்று ஒன்று. சிறுநீரை ஒரு தட்டில் வைத்து எந்தக் கிருமி வளர்கிறது, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பார்கள். முடிவு வர மூன்று நாள். வந்தபோது, முதலில் ஏற்றிய மருந்துக்கு என் கிருமி சாகாது என்று தெரிந்தது. பாமசிக் குளிசைகளை இரண்டு இரண்டு நாளாக விழுங்கி நிறுத்தியதில் அது அந்த மருந்துக்குப் பழகிவிட்டதாம். மருந்தை மாற்றினார்கள். மறுபடி முதலிலிருந்து பத்து நாள்.

காய்ச்சல் விட்டதும் எனக்கு ஒரு வேலை தந்தார்கள். குடிக்கிற தண்ணீரையும் போகிற சிறுநீரையும் அளந்து ஒரு தாளில் எழுதவேண்டும். இரண்டரை லீற்றருக்குக் குறையக் கூடாது. பதினொரு வருடமாகப் பழகாத தொண்டைக்குத் தண்ணீர் இறங்கவில்லை. ஒவ்வொரு கிளாசும் ஒரு மலை. உள்ளே இருக்கிற குழாய் வேறு சும்மா விடாது. அரை மணிக்கொருமுறை முட்டும், போகும்போது விலாவில் இழுக்கும், நடந்தால் சிறுநீரில் இரத்த நிறம் தெரியும். அது குழாய் உரசுவதால் வருவது, பயப்படத் தேவையில்லை என்று சொன்னார்கள். நான் அளவு ஜாடியைப் பிடித்துக்கொண்டு வார்ட்டின் நீளத்தை ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை நடந்தேன். முதல் இரண்டு நாள் ஜாடியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நடந்தேன். பிறகு மூடவும் தெம்பில்லை.

என் கணவர் காலைக் கஞ்சியோடு வருவார், மாலையில் மகளையும் கூட்டிக்கொண்டு வருவார். அவருக்குச் சமைக்கத் தெரியாது. கஞ்சி ஒரு நாள் களியாக இருக்கும், ஒரு நாள் வெறும் தண்ணீராக இருக்கும். ஒன்றும் சொல்லாமல் குடித்தேன். நான் தண்ணீரோடு போராடுவதைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் வீட்டிலிருந்து இன்னொரு கிளாஸ் கொண்டுவந்தார். நான் ஒன்று குடித்தால் அவரும் ஒன்று குடிப்பார். "தனியா குடிச்சாத்தான் கஷ்டம்," என்றார். சம்பளமில்லாத லீவில் நின்றுகொண்டு, பார்வை நேரம் முழுக்க அந்த மனிதர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் அக்குறணையைச் சேர்ந்த ஃபரீதா என்கிற அம்மா இருந்தார். அறுபது வயதிருக்கும். அவருக்கும் கல்தான், சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. மூன்று மகள்மாரும் மாறி மாறி வந்தார்கள். அவர்கள் போன பிறகு, அவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டை அவர் தொடாமல் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுப்பார். ஒரு நாள் நான் அவரைச் சாப்பிடச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நா சாப்புடுறத எண்ட புள்ளைகள் கண்டதே இல்ல தங்கச்சி," என்றார். "உம்மா சாப்பிட்டாச்சா எண்டு கேட்டா, ஆச்சு எண்டுதான் சொல்லுவேன். இப்ப மூத்தவளும் அவட மகள்கிட்ட அப்பிடித்தான் சொல்லுறா. அவ சாப்பிடல்ல எண்டு எனக்குத் தெரியும். பார்த்துக்கிட்டு இரிக்கேன். என்னண்டு ஏச?"

அன்று எனக்கு அது அவருடைய கதையாகத்தான் பட்டது.

எட்டாம் நாள் மாலை என் மகள் வந்தபோது வார்ட்டில் கூட்டமாக இருந்தது. என் கணவர் கதிரையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் என் கண் அவள் காலில் இருந்தது. இரண்டு கணுக்காலையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டு இறுக்கி, குதிகாலை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்துக்கொருமுறை பேச்சை நிறுத்தி, உதட்டைக் கடித்து, பிறகு தொடர்ந்தாள். அப்படி இருப்பது யார் என்று எனக்குத் தெரியும். சேலை மேசைக்குப் பின்னால் நான் அப்படித்தான் நிற்பேன்.

போய்விட்டு வா, அந்தக் கோடியில் இருக்கிறது என்றேன். வேண்டாம், வீட்டுக்குப் போய் போகிறேன் என்றாள். வீட்டுக்குப் போக எட்டு மணியாகும். கடைசியாக எப்போது போனாய் என்று கேட்டேன். காலையில் என்றாள். காலையில் என்றால் ஐந்து மணி. நான் கணவரிடம் கன்டீனில் தேநீர் வாங்கி வரும்படி சொன்னேன். அவருக்கு விளங்கியதோ என்னவோ, உடனே போனார்.

"எரியுதா?" என்று கேட்டேன்.

கட்டில் விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு கிழமையா."

"ஏம்மா சொல்லல?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகவோ குத்திக் காட்டவோ இல்லை. உங்களுக்கு இது தெரியாததா என்பது போலத்தான் பார்த்தாள்.

"நீங்களும் சொல்லலதானே."

நான் அவளிடம் ஒரு நாளும் தண்ணீர் குடிக்காதே என்று சொன்னதில்லை. நேர்மாறாக, ஒவ்வொரு காலையிலும் போத்தலை நிரப்பி அவள் பையில் வைப்பேன். குடி, குடி என்று சொல்லித்தான் அனுப்புவேன். மாலையில் போத்தல் காலியாக வரும், நானும் சந்தோஷப்படுவேன். அன்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடைக்கு வருமுன் டியூஷன் வகுப்பு வாசலில் இருக்கிற பூச்சாடிக்குள் ஊற்றிவிடுவாளாம். ஆறாம் வகுப்பிலிருந்தே அப்படித்தானாம். பள்ளிக்கூடத்தில் போக அவளுக்கு விருப்பமில்லை. கதவு சரியாகப் பூட்டாது, மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அம்மாவால் நாள் முழுக்க இருக்க முடியும் என்றால் தன்னாலும் முடியும் என்று பழகிக்கொண்டாளாம். பெரியவளானால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தாளாம். முதலில் கஷ்டமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது என்று சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நான் சொன்ன எதையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லாததை எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இரத்தத்தில் கிருமி கலந்தபோது எனக்கு வராத அழுகை அப்போது வந்தது. அழுவதற்கும் உடம்பில் பலமில்லை. கண்ணீர் மட்டும் காதுப்பக்கம் வழிந்தது. ஃபரீதா அம்மா கட்டிலில் இருந்து இறங்கி, ஒன்றும் கேட்காமல், என் மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கக்கூஸ் பக்கம் போனார். வரும்வரை கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். திரும்பி வந்து அவளுக்குத் தன் ஃப்ளாஸ்கிலிருந்து கொத்தமல்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தனக்காக மூடி வைத்திருந்த சோற்றைத் திறந்து அவளுக்கு முன்னாலேயே சாப்பிட்டார்.

யாழ்ப்பாணத்து டொக்டர் வந்ததும் நானே சொன்னேன். மகளையும் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மறைக்காமல் சொன்னேன். என் கணவர் முதல் வார்த்தையில் தலையைக் குனிந்துகொண்டார், பிறகு நிமிர்ந்து கேட்டார். அடுத்த நாள் காலையில் மகளுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்தார்கள். ஸ்கேன் அறைக்கு வெளியே நான் சேலைன் ஊசி குத்திய கையோடு சக்கரக் கதிரையில் இருந்தேன். கால் மணி நேரம்தான். என் நோய் முழுவதிலும் நீளமான நேரம் அதுதான். கதவுக்கு மேலே ஒரு பல்லி இருந்தது. அது அசைந்தால் நல்ல சேதி, அசையாவிட்டால் கெட்ட சேதி என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அது அசையவே இல்லை.

சேதி நல்லதாகத்தான் வந்தது. சிறுநீர்ப் பையில் மட்டும் கிருமி. சிறுநீரகங்களுக்கு ஒன்றுமில்லை, கல்லும் இல்லை. ஒரு கிழமைக்குக் குளிசை. டொக்டர் அவளை முன்னால் நிறுத்தி, மூன்று மணி நேரத்துக்கொருமுறை கட்டாயம் போகவேண்டும் என்று சொன்னார். அவள் தலையாட்டினாள். அவள் தலையாட்டுவதை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். டொக்டரும் பார்த்திருப்பார் போல. என் பக்கம் திரும்பி, "நான் சொல்லி ஒண்டும் நடக்காது. நீங்கள் போறதை இவ பார்க்கோணும்," என்றார்.

பதினான்காம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். ஆறு கிழமை கழித்துப் போய்க் கல்லை உடைத்துக் குழாயையும் எடுத்தார்கள். இடது சிறுநீரகம் முன்பு போல வேலை செய்யாது, முக்கால்வாசி செய்யும் என்றார்கள். அது போதும் என்றார்கள். நானும் போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் மூன்று கிளாஸ் வைத்தோம். காலையில் மூவரும் குடித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்று முடிவு செய்தோம். முதல் மாதம் எனக்கே அது தண்டனையாக இருந்தது. சில காலைகளில் கிளாசைப் பார்த்தாலே குமட்டும். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் குடித்து வைத்த பிறகுதான் அவள் தன்னுடையதைத் தொடுவாள். அவள் பார்க்கிறாள் என்பதற்காகவே குடித்த நாட்கள்தான் அதிகம்.

மூன்றாம் மாதம் கடைக்குத் திரும்பினேன். முதல் நாளே முதலாளியின் அறைக்குப் போனேன். கணக்குப்பிள்ளையும் இருந்தார். சாவியை லாச்சியில் வைக்காமல் படிக்கட்டுப் பக்கம் ஓர் ஆணியில் மாட்டும்படி கேட்டேன். எனக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதையும் சொன்னேன். முதலாளி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு காலமும் யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்றார். அது உண்மை. மாலைக்குள் ஆணி அடித்தாயிற்று. முதல் இரண்டு நாள் சாவியை நான் மட்டும்தான் எடுத்தேன். பதினொரு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை, எல்லோரும் பார்க்க எடுத்தேன். மூன்றாம் நாள் நான் போனபோது ஆணியில் சாவி இல்லை.

பள்ளிக்கூடக் கக்கூஸ் கதவைப் பற்றி என் கணவர் போய்ப் பேசினார். அவரே ஒரு தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டு போய்ப் பொருத்திவிட்டு வந்தார். ஆனால் பஸ்ஸுக்கு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. கடையிலிருந்து இறங்குமுன் இருவரும் போய்விட்டு வருவோம். ஒன்றரை மணி நேரம்தானே, சமாளிக்கலாம் என்றிருந்தோம்.

போன மாதம் ஒரு மாலை, நல்ல மழை. பேராதனையைத் தாண்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஹிந்தகல ஏற்றத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முட்டத் தொடங்கியிருந்தது, ஆனால் தாங்கலாம். பக்கத்தில் பார்த்தேன். மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கணுக்காலை இறுக்கியிருந்தாள்.

"வருதா?"

"ம்ம். அடக்கிக்கிறேன்மா. இன்னும் கொஞ்சந்தானே."

கொஞ்சமில்லை. கலஹாவே இன்னும் வரவில்லை. பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். பாதிப் பேர் எங்கள் பக்கத்து ஆட்கள், தினமும் பார்க்கிற முகங்கள். பதினொரு வருடமாக இந்தப் பாதையில் பயணம் செய்த நான் நடத்துநரிடம் டிக்கெட் தவிர வேறொன்றும் கேட்டதில்லை. பிள்ளைக்கு அவசரம் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அது சுலபம், பிள்ளைக்கு என்றால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். வாய்வரை அந்த வார்த்தை வந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து நின்று, கூட்டத்துக்கு மேலால் நடத்துநரைக் கூப்பிட்டேன். சிங்களத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி, எனக்குக் கக்கூஸ் போகவேண்டும், நான் சிறுநீரக நோயாளி, எங்காவது ஒரு வீட்டுப் பக்கம் பஸ்ஸை நிறுத்துங்கள் என்றேன். பஸ்ஸுக்குள் தலைகள் திரும்பின. என் காது சுட்டது. நடத்துநர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, சாரதிக்குக் குரல் கொடுத்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு தேநீர்க் கடையருகே பஸ் ஒதுங்கியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கினேன். மகள் பின்னாலேயே வந்தாள். கடைக்காரப் பெண் ஒன்றும் கேட்காமல் விளக்கைப் போட்டு, பின்பக்க வழியைக் காட்டினார். மகளை முதலில் உள்ளே விட்டு, மழைக்கு ஒதுங்கிக் கூரை ஓரத்தில் நின்றேன். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

தொப்பி போட்ட தாதி ஒருத்தி, கையில் வாளியோடு ஒரு தோட்டத்து அம்மா, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, அவளுக்குப் பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொருத்தி. ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக வந்து எனக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். மகள் கதவைத் திறந்து வெளியே வந்தாள். அந்த வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குழந்தையை வைத்திருந்தவளிடம் போய், "தாங்க அக்கா, நான் வச்சிருக்கேன்," என்று கையை நீட்டினாள்.